முற்றுப்பெறாத கலைப்பணியும் முன்பணக் கணக்கும்

பரிசில் என்பது வேறு. கூலி என்பது வேறு. முன்பணம் என்பது இவ்விரண்டினும் வேறு. தமிழ் இலக்கியம் பயிலும் நாம் முதலாவதை நன்கு அறிவோம். பரிசில் துறை, பரிசில் கடாநிலை, பரிசில் விடை என்றெல்லாம் துறை வகுத்துப் புலவனுக்கும் புரவலனுக்கும் இடையிலான உறவைப் போற்றியது நம் பண்டை மரபு. அங்கே பாட்டு முன்னே செல்லும். பொருள் பின்னே வரும். தம்மை நேரிற் காணாமலே அதியமான் நெடுமான் அஞ்சி அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் நமக்குத் தருகிறது. தம் புலமையை அளந்தறியாமல் கொடுக்கும் பொருளைப் பெறத் தாம் வணிகர் அல்லர் என்பது அப்பெருமகனாரின் கருத்து. பணிக்கு முன்னரே கைக்கு வந்த பொருள் புலவனைக் கூசச் செய்த காலம் அது.

இன்றைய கலைஞனின் நிலை அவ்வாறன்று. வண்ணமும் பலகையும் துணியும் சட்டமும் விலைகொடுத்து வாங்கிய பின்னரே அவன் தூரிகையைத் தொட இயலும். ஆகவே, படம் எழுதித் தருமாறு கேட்பவர் ஒரு தொகையை முன்னதாகக் கொடுக்கிறார். நம் பக்கத்தில் அதனை அட்வான்ஸ் என்பர். வணிகர் அச்சாரம் என்பர். உருது பேசும் நம் குடும்பங்களில் பயானா என்பர். பணி முடிந்தால் இச்சொற்களுக்கிடையே வேறுபாடு எதுவும் தோன்றுவதில்லை. பணி இடையில் நின்றுவிட்டாலோ, ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு வழக்காக எழுந்து நிற்கிறது. பெற்ற பணத்தை எவ்வளவு திருப்பித் தருவது? செய்த பாதிப் பணிக்கு விலை உண்டா? நோயும் மரணமும் குறுக்கிட்டால் கணக்கு எவ்வாறு மாறும்? இவ்வினாக்களை இலக்கியத்தின் துணையோடும் மார்க்கத்தின் துணையோடும் சட்டத்தின் துணையோடும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உமறுவின் காப்பியம்

இஸ்லாமியத் தமிழிலக்கியத்தின் மணிமுடியாகத் திகழும் சீறாப்புராணமே, ஒருவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கத் தொடங்கப்பட்டு முற்றுப்பெறாமல் நின்ற ஒரு பணி என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடித் தருமாறு உமறுப்புலவரை வேண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்னும் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதற்கான வரலாற்றுக் குறிப்புகளைப் பெறச் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை உமறு நாடியதையும், பரங்கிப்பேட்டைக்குச் சென்றதையும் அம்மரபுச் செய்தி கூறும். நூல் நிறைவேறுமுன் வள்ளல் இறையடி சேர்ந்தார். பணி நின்றுவிடும் நிலையில் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புரவலராக முன்வந்தார். நூலிற் பல இடங்களில் அவரை நன்றியோடு நினைவுகூர்கிறார் உமறு.

புரவலர் மாறிய பின்னும் நூல் நிறைவு பெறவில்லை. விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்னும் மூன்று காண்டங்களில், 92 படலங்களில், 5,027 விருத்தங்களைப் பாடிய உமறு, உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறார். பெருமானாரின் மதீனத்து வாழ்வின் பிற்பகுதியும் மக்கா வெற்றியும் இறுதி ஹஜ்ஜும் அக்காப்பியத்தில் இடம்பெறவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பனு அகுமது மரைக்காயர் பின்னர்ச் ‘சின்னச் சீறா’ எனப் பாடி நிறைவு செய்தார். உமறுவின் நூல் அச்சேறியது 1842ஆம் ஆண்டில். செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் அது நடந்தது.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்றுண்டு. கேட்டவர் மறைந்தார், பாடியவரும் முடிக்காமல் மறைந்தார். ஆயினும் நம் செவிவழி மரபில் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்ட பேச்சே எழவில்லை. பாடப்பட்ட பகுதி தன்னளவில் மதிப்புடையதாக இருந்ததும், எஞ்சியதை முடிக்க இன்னொரு கை முன்வந்ததும் இதற்குக் காரணங்கள் எனலாம். எனினும் எல்லாக் கலைப்பணியும் இவ்வகையினவா? பாதிக் காப்பியத்தைப் படிக்கலாம். மணமக்களின் உருவப்படத்தில் மணமகனை மட்டும் எழுதிவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தால் அப்படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது? ஆகவே, முற்றுப்பெறாத பணியின் மதிப்பை அளக்க வள்ளன்மை மட்டும் போதாது. ஒழுங்கான நெறியும் வேண்டும்.

பிறநாட்டு வழக்குகள்

மேலைநாட்டுக் கலை வரலாற்றிலும் இச்சிக்கல் பழையது. போப் இரண்டாம் ஜூலியஸ் தமக்கு ஒரு கல்லறை மண்டபம் அமைக்குமாறு மைக்கேலாஞ்சலோவைப் பணித்த ஆண்டு 1505. போப் 1513இல் மறைந்தார். அவருடைய வாரிசுகளோடு ஒப்பந்தங்கள் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் சிற்பங்களின் எண்ணிக்கை குறைந்தது. இறுதியில் சுருங்கிய வடிவில் அம்மண்டபம் நிறைவேறியது 1545ஆம் ஆண்டில்தான். நாற்பதாண்டுக் காலம் அப்பெருங்கலைஞர் வாங்கிய பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவராகவே வாழ்ந்தார். பணத்தைப் பெற்றுக்கொண்டு பணியை முடிக்கவில்லை என்ற பழிச்சொல் அவர் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது.

ஓவியர் விஸ்லரின் வழக்கு வேறுவகை. ஈடன் என்னும் செல்வர் தம் மனைவியின் உருவப்படத்தை அவரிடம் எழுதச் செய்து, 1894ஆம் ஆண்டில் 100 கினி கொடுத்தார். தொகை குறைவென்று சினந்த ஓவியர் படத்தைத் தர மறுத்தார். முகத்தையும் அழித்து மாற்றினார். பாரிஸ் நீதிமன்றங்களில் நடந்த வழக்கு 1900ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. தன் மனம் நிறைவு கொள்ளாத படைப்பைக் கொடுத்தே தீரவேண்டும் என்று கலைஞனைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆயினும் பெற்ற பணத்தை அவன் திருப்பித் தரவேண்டும், இழப்பீடும் தரவேண்டும் என்பதே அவ்வழக்கின் சாரம். கலைஞனின் உரிமையும் கொடுத்தவரின் பணமும் ஒரே தீர்ப்பில் காக்கப்பட்டன.

இதற்கு மறுதலையான வழக்கும் உண்டு. பிளாஞ்சே என்னும் எழுத்தாளர், பழங்கால உடைகளையும் கவசங்களையும் பற்றி 100 பவுன் ஊதியத்துக்கு ஒரு நூல் எழுத ஒப்புக்கொண்டு ஒரு பகுதியை எழுதியும் முடித்தார். இடையில் பதிப்பாளர் அந்த நூல்வரிசையையே கைவிட்டார். எழுத்தாளர் நூலை முழுமையாக ஒப்படைக்கவில்லையே என்னும் வாதத்தை ஏற்காத ஆங்கிலேய நீதிமன்றம், 1831ஆம் ஆண்டில் அவருக்குப் பணம் கிடைக்கச் செய்தது. பணியை நிறுத்தியவர் கேட்டவராயின் இழப்பைக் கலைஞன் சுமக்க வேண்டியதில்லை என்பது இதனால் பெறப்படும்.

அண்மைக் காலத்தில் உலகை நகைக்க வைத்த செய்தியொன்றும் நினைவுக்கு வருகிறது. டென்மார்க்கின் ஆல்போர்க் நகர் அருங்காட்சியகம், பணத்தாள்களைச் சட்டத்தில் பதித்து ஒரு படைப்பை உருவாக்குவதற்காக யென்ஸ் ஹானிங் என்னும் கலைஞரிடம் சுமார் 5,32,000 குரோனர் கொடுத்தது. அவர் 2021ஆம் ஆண்டில் இரண்டு வெற்றுச் சட்டங்களை அனுப்பிவைத்துப் பணத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அதுவே தம் கலை என்றார். 2023ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நீதிமன்றம், கண்காட்சிக்குரிய கட்டணமாக 40,000 குரோனரைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருமாறு ஆணையிட்டது. அந்தக் கழிவை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஏமாற்றமடைந்தவர் பக்கம் நின்ற நீதிமன்றமும், அருங்காட்சியகம் அவ்வெற்றுச் சட்டங்களைக் காட்சிக்கு வைத்துப் பயன்கொண்டதை மறந்துவிடவில்லை.

மார்க்கம் வகுத்த நெறி

ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்னும் கட்டளையோடு தொடங்குகிறது திருமறையின் ஐந்தாம் அத்தியாயம். இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணை குறித்த கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதிவைக்கப் பணிக்கிறது. அதற்குச் சற்று முன்னுள்ள 280ஆம் வசனம், கடன்பட்டவர் நெருக்கடியில் இருப்பின் வசதி வரும்வரை அவகாசம் அளிக்கச் சொல்கிறது. விட்டுக்கொடுப்பது மேலும் நன்று எனவும் உணர்த்துகிறது. எழுதிவைத்தலும் இரங்குதலும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து நிற்பது சிந்திக்கத்தக்கது. இரக்கம் உடையவர் எழுதாமல் விடலாம் என்றோ, எழுதிவைத்தவர் இரங்கலாகாது என்றோ அங்குக் கூறப்படவில்லை.

மார்க்கச் சட்ட அறிஞர்கள் பணி ஒப்பந்தங்களை வகைபிரித்துப் பார்த்தனர். காணாமற் போன பொருளைக் கொண்டுவந்தால் இவ்வளவு தருவேன் என்பது ‘ஜுஆலா’. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் அரசரின் அளவைப் பாத்திரத்தைக் கொண்டுவருவோருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் அறிவிக்கப்பட்டது இதற்குச் சான்றாகக் காட்டப்படும். இங்குப் பணி முடிந்தாலன்றிப் பரிசில்லை. உழைப்பை இன்ன காலத்துக்கு, இன்ன கூலிக்கு என்று பேசுவது ‘இஜாரா’. இங்கு உழைத்த அளவுக்குக் கூலி உண்டு. இன்ன பொருளை இன்ன அமைப்பில் செய்து தா என்று கைவினைஞனிடம் சொல்வது ‘இஸ்திஸ்னா’. ஹனஃபி அறிஞர்கள் இதனைத் தனியொரு வகையாக ஏற்றனர். உதுமானியப் பேரரசின் ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பு, ஒப்பந்தம் ஏற்பட்ட பின் இருவரில் எவரும் தம் விருப்பம்போல் பின்வாங்க முடியாது என்று விதித்தது. செய்த பொருள் சொன்ன அமைப்பில் இல்லையாயின் ஏற்கவோ மறுக்கவோ கேட்டவருக்கு உரிமை அளித்தது. 1992ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமியச் சட்ட அறிஞர் பேரவையும் இஸ்திஸ்னா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்றே முடிவு செய்தது. பொருளின் தன்மையும் அளவும் காலமும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

அச்சாரத்தைப் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரம் விற்பவருக்கே உரியது என்னும் நிபந்தனையைப் பெரும்பாலான இமாம்கள் ஏற்கவில்லை. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் ஏற்றார். கருத்து வேறுபாடு எதுவாயினும், பணி செய்ய வேண்டியவரே செய்யாமல் விட்டு, அதற்கென்று பெற்ற பணத்தை வைத்துக்கொள்வதற்கு எந்தப் பள்ளியிலும் இடமில்லை. அதுபோலவே, உழைத்தவனின் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கத் தூண்டும் நபிமொழி, பாதி வேலை செய்தவனை வெறுங்கையோடு அனுப்புவதற்கும் இடந்தரவில்லை.

1872ஆம் ஆண்டுச் சட்டம்

நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அச்சட்டத்தை எழுதியோர் பிரிவுகளுக்கு எடுத்துக்காட்டுகளையும் சேர்த்தனர். கலைஞர்கள் அவ்வெடுத்துக்காட்டுகளில் இடம்பெற்றிருப்பது தமிழாசிரியனாகிய எனக்கு வியப்பளித்தது.

முதலாவது, ஓவியர். குறித்த நாளுக்குள் குறித்த விலைக்கு ஒரு படம் எழுதித் தருவதாக ஒருவர் வாக்களிக்கிறார். அந்நாளுக்கு முன் இறந்துவிடுகிறார். அந்த ஒப்பந்தத்தை அவருடைய வாரிசுகள் மீதும் வற்புறுத்த முடியாது. வாரிசுகளும் வற்புறுத்த முடியாது என்கிறது 37ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு. கைத்திறன் சொத்தைப் போல வாரிசுக்கு இறங்குவதில்லை என்னும் உண்மையைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

அடுத்த இருவரும் பாடகர்கள். இருவரும் 65ஆம் பிரிவில் வருகின்றனர். நாடகக் கொட்டகையில் வாரத்துக்கு இரண்டு இரவுகள் பாட, இரவுக்கு 100 ரூபாய் என ஒப்புக்கொண்ட ஒரு பாடகி, ஆறாம் இரவில் வேண்டுமென்றே வராமல் இருந்துவிடுகிறார். கொட்டகைக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஆயினும் பாடிய ஐந்து இரவுகளுக்குரிய பணத்தைக் கொடுத்தாக வேண்டும். குற்றம் பாடகியுடையதே எனினும், பெற்ற பாட்டுக்கு விலை உண்டு. மற்றொருவர், ஓர் இசையரங்கில் பாட 1,000 ரூபாயை முன்னதாகவே பெற்றவர். நோயுற்றதால் பாட இயலவில்லை. அரங்கு நடத்தியவருக்கு வந்திருக்கக்கூடிய இலாபத்தை ஈடுகட்ட அவர் கடமைப்பட்டவரல்லர். ஆனால் முன்பணமாகிய 1,000 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும்.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் ஒரு நெறி தெளிவாகிறது. கொடுத்தவர் எந்த அளவுக்குப் பயன்பெற்றாரோ அந்த அளவுக்கு விலை. பயன்பெறாத பகுதிக்குரிய பணம் திரும்பும். நோயும் மரணமும் குற்றமாகா, ஆகவே தண்டமும் இல்லை. முன்பணத்துக்கும் அச்சாரத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் நம் நீதிமன்றங்கள் காத்துவருகின்றன. ஒப்பந்தம் நிறைவேறும் என்பதற்குப் பிணையாகத் தெளிவாக எழுதிக் கொடுக்கப்பட்ட அச்சாரத்தை மட்டுமே, வாக்குத் தவறியவரிடமிருந்து பறித்துக்கொள்ள முடியும். விலையின் ஒரு பகுதியாகக் கொடுத்த வெறும் முன்பணத்தைப் பறிக்க முடியாது என 2012ஆம் ஆண்டில் ஒரு சொத்து விற்பனை வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

சேக்காட்டில் தீர்ந்த ஒரு கணக்கு

இந்நூலறிவெல்லாம் எனக்குத் தேவைப்பட்டது ஆவடியை அடுத்த சேக்காட்டில், எங்கள் பக்கத்து மதரஸா ஒன்றில் எழுந்த சிக்கலின்போதுதான். 2018ஆம் ஆண்டில் அம்மதரஸாவின் கூடத்தில் இறைவனின் 99 திருநாமங்களை அரபி எழுத்தில் எழுதி மாட்ட நிருவாகத்தார் முடிவு செய்தனர். பலகைக்கு மூன்று நாமங்களாக 33 பலகைகள். பலகை, வண்ணம், எழுத்துக்கூலி அனைத்தும் அடங்கப் பலகைக்கு 1,500 ரூபாய். ஆக மொத்தம் 49,500 ரூபாய். எழுத ஒப்புக்கொண்டவர் முஸ்லிமல்லாத சகோதரர். கடைப் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்தவர். துணிப்பலகை அச்சு வந்த பிறகு வேலை குறைந்து, உருவப்படமும் எழுத்துப்பலகையும் எழுதி வந்தார். அரபி படிக்கத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு புள்ளியையும் உஸ்தாதிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே வண்ணம் தீட்டும் அவருடைய பணிவு எங்களையெல்லாம் கவர்ந்தது. 30,000 ரூபாய் முன்பணமாகக் கொடுக்கப்பட்டது.

பதினான்கு பலகைகள் முடிந்த நிலையில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கை செயலற்றுப் போயிற்று. மூன்று மாதங்கள் கழித்து நிருவாகக் குழு கூடியபோது இருவகைக் கருத்துகள் எழுந்தன. 42 நாமங்களோடு நிற்கும் வரிசையைக் கூடத்தில் மாட்ட முடியாது; முழுமையில்லாத ஒன்று நமக்குப் பயனற்றது; ஆகவே 30,000 ரூபாயும் திரும்ப வேண்டும் என்றனர் சிலர். ஏழை, நோயாளி, அவரிடம் போய்ப் பணம் கேட்பதா? முழுவதையும் விட்டுவிடுவோம் என்றனர் வேறு சிலர். இரண்டாம் கருத்தே மனத்துக்கு இனிமையாக இருந்தது. ஆனால் ஊரார் மதரஸாவுக்கென்று கொடுத்த பணம் அது, அமானிதம். நம் சட்டைப்பையிலிருந்து தள்ளுபடி செய்வதுபோல் அதைத் தள்ளுபடி செய்ய எங்களுக்கு உரிமையில்லை என்று மூத்தவர் ஒருவர் சொன்னபோது கூட்டம் அமைதியாயிற்று. கணக்கை எழுதித் தருமாறு என்னைப் பணித்தனர்.

நான் அவர் வீட்டுக்குச் சென்றேன். “சார், சும்மா விட்டுட்டோம்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் எழுதினதுக்கு ஒரு வெலை போடுங்க” என்று குழறிய நாவால் அவர் சொன்ன சொல் இன்றும் என் செவியில் நிற்கிறது. முழுத் தள்ளுபடி என்பது அவருடைய பதினான்கு பலகைகளின் மதிப்பையும் அடித்துவிடும் என்பதை அச்சொல்லிலிருந்தே நான் உணர்ந்தேன். முழுத்தொகையையும் கேட்பவரும் முழுத்தொகையையும் விடுபவரும் ஒரு வகையில் ஒன்றே செய்கின்றனர். இருவரும் செய்த வேலையை எண்ணிப் பார்ப்பதில்லை.

கணக்கு எளிதாகவே அமைந்தது. எழுதி முடித்த 14 பலகைகளுக்கு 21,000 ரூபாய். மீதி 19 பலகைகளையும் அவர் முன்பே அறுத்து, இழைத்து, அடிவண்ணம் பூசி, எழுத்துக்குரிய பொன்வண்ணத்தையும் வாங்கி வைத்திருந்தார். கடை ரசீதுப்படி பலகைக்கு 400 ரூபாய். ஆக 7,600 ரூபாய். அப்பொருள்கள் அனைத்தையும் மதரஸா பெற்றுக்கொள்வது. இரண்டும் சேர்ந்து 28,600 ரூபாய். திரும்ப வேண்டியது 1,400 ரூபாய். குழு இதனை ஏற்றது. அவருடைய துணைவியார் மறுவாரமே அத்தொகையைக் கொண்டுவந்து ரசீது பெற்றுச் சென்றார். அந்த ரசீதை அவர் படுக்கைக்கு எதிர்ச்சுவரில் செருகி வைத்திருந்ததைப் பின்னொரு நாள் கண்டேன். மருத்துவச் செலவுக்கென்று குழுவினர் தத்தம் கைப்பணத்திலிருந்து திரட்டிக் கொடுத்தது தனி. கணக்கு முடிந்த பிறகு வந்த உதவியாதலால் அதை ஏற்க அவர் கூசவில்லை.

எஞ்சிய 19 பலகைகளைத் தந்தைக்கு வண்ணம் குழைத்துக் கொடுத்துப் பழகிய மகளே எழுதினார். எழுத்துக்கூலி பலகைக்கு 1,100 ரூபாயாக 20,900 ரூபாய் அவருக்குக் கொடுக்கப்பட்டது. முன்னர்த் தந்தைக்குச் சேர்ந்த 28,600 ரூபாயோடு இதனைக் கூட்டினால் 49,500 ரூபாய். முதலில் பேசிய தொகைக்கு மேல் மதரஸாவுக்கு ஒரு ரூபாயும் கூடவில்லை. ஓவியர் குடும்பத்துக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை. பதினைந்தாம் பலகையிலிருந்து எழுத்தின் வளைவு சற்றே மாறியிருப்பதை உற்றுப் பார்ப்போர் அறிவர்.

மாணவர்க்குச் சில சொற்கள்

இன்று நம் கல்லூரி மாணவ மாணவியர் பலர் படிக்கும்போதே பொருளீட்டுகின்றனர். புகைப்படத்தைப் பார்த்துக் கரிக்கோல் உருவப்படம் எழுதுவோர் உண்டு. மணவிழாவுக்கு மருதாணி இடுவோர் உண்டு. அரபி எழுத்தோவியங்களைச் சட்டமிட்டு விற்போர் உண்டு. கைப்பேசி வழியாக முன்பணம் நொடியில் வந்து சேர்கிறது. தேர்வு வருகிறது, காய்ச்சல் வருகிறது, பணி நின்றுவிடுகிறது. அதன்பின் அழைப்பை எடுக்காமல் இருப்பதே பலர் கண்ட வழி. அதனினும் நல்ல வழிகள் உள்ளன.

என்ன அளவு, என்ன பொருள், எந்த நாள், எத்தனை முறை திருத்தம் என்பவற்றை நான்கு வரியிலாவது எழுதிக்கொள்ளுங்கள். முன்பணத்தில் பொருளுக்கு எவ்வளவு, உழைப்புக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். வாங்கிய பொருளின் ரசீதைப் பாதுகாத்து வையுங்கள். பெரிய பணியாயின் வரைவு, பாதி, நிறைவு எனப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் தனித்தொகை பேசுங்கள். அவ்வாறு செய்தால் எந்தப் படியில் நின்றாலும் கணக்கு நிற்பதில்லை. செய்து முடிக்காத பகுதிக்குரிய பணம் இன்னும் உங்களுடையதன்று; அதைச் செலவுக்கு எடுக்காதீர்கள். முடியாது என்று தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். இன்னொருவரைக் கொண்டு முடித்துக்கொள்ளக் கேட்டவருக்கு நாள் கிடைக்கும். ஒரே முறையில் திருப்ப இயலாவிட்டால் தவணை கேளுங்கள். கேட்பதில் இழிவில்லை, மறைவதில்தான் இழிவு.

கொடுப்பவருக்கும் கடமை உண்டு. பாதிப் படத்தை எடுத்துக்கொண்டு முழுப்பணத்தையும் திருப்பிக் கேட்பது முறையன்று. நடுவில் மனம் மாறிப் பணியை நிறுத்தியவர், அதுவரை நடந்த உழைப்புக்குக் கூலி தந்தாக வேண்டும். பேசிய அமைப்புக்கு மேல் புதிது புதிதாகக் கேட்டுக் கலைஞனைச் சோர்வடையச் செய்துவிட்டு, தாமதம் என்று பழிப்பதும் நேர்மையன்று. கலைஞன் நோயுற்றால் முதலில் கேட்க வேண்டியது அவனுடைய உடல்நலம், கணக்கு அடுத்தது. ஆனால் அந்தக் கணக்கையும் கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் விடப்பட்ட கணக்கு இருவர் மனத்திலும் உறுத்தலாக நின்று, தெருவில் எதிர்ப்பட்டால் முகம் திருப்பிக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுசெல்லும்.

சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்விக்கூடங்களும் கட்டடக்காரரோடு பக்கம் பக்கமாக ஒப்பந்தம் எழுதுகின்றன. எழுத்தோவியனோடும் சிற்பியோடும் வாய்ச்சொல்லோடு நின்றுவிடுகின்றன. கலைஞனிடம் எழுதி வாங்குவதை அவமதிப்பாகக் கருத வேண்டியதில்லை. அவனுடைய உழைப்புக்கு விலை உண்டு என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் மரியாதை அது.

உமறு விட்ட இடத்திலிருந்து பனு அகுமது மரைக்காயர் தொடர்ந்தார். முதற் புரவலர் மறைந்த இடத்தில் அபுல் காசிம் மரைக்காயர் நின்றார். தொடங்கியவரே முடிக்க வேண்டும் என்பது எல்லாப் பணிக்கும் வாய்ப்பதில்லை. விட்ட இடம் எது, பெற்றது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டால், அடுத்த கை வந்து தொடர வழி பிறக்கும். கொடுத்த வாக்கையும் பெற்ற பொருளையும் நேர்மையோடு எண்ணிப் பார்க்கும் நல்லுள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.